பழைய நகரங்களின் ஜன்னல்கள்: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

நாட்டின் தொன்மைச் சின்னங்களைக் காப்பதற்கென 1958-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. கோட்டைகள், கோயில்கள், மசூதிகள், தேவாலயங்கள் எனப் பல சின்னங்கள் அச்சட்டத்தின் கீழ் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும், ஒரு பழைய நகரத்துக்கு அதன் தனித் தோற்றத்தை அளிப்பவை இச்சின்னங்கள் மட்டுமல்ல. அவற்றைச் சூழ்ந்து வரிசை வரிசையாக நிற்கும் குடியிருப்பு வீடுகளுக்கும் அத்தோற்றத்தில் பெரும் பங்கு உண்டு. இவ்வீடுகளில் மக்கள் தொடர்ந்து வாழ்கின்றனர். குடும்பம் பெருகும்போது அறையைத் தடுக்கின்றனர். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகின்றனர். ஜன்னல் உளுத்தால் புதிது வைக்கின்றனர்.

ஒரு வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றுவது சிறிய செயலாகவே தோன்றும். அடுத்த வீட்டாரும், அதற்கடுத்தவரும் அவ்வாறே செய்யும்போது, ஒரு சுவரும் இடிக்கப்படாமலேயே தெருவின் முகம் மாறிவிடுகிறது. பாரம்பரியப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. அறிவிப்பு இருந்தும் இழப்பு தொடர்வது ஏன், அதைத் தடுப்பதற்கு வீட்டுக்காரரும் நகராட்சியும் தச்சரும் என்ன செய்ய முடியும் என்பவை ஆராயத் தக்கவை.

பனாஜியின் சிப்பி ஜன்னல்கள்

கோவாவின் தலைநகரான பனாஜியில் ஆல்டினோ குன்றுக்கும் ஓரெம் ஓடைக்கும் இடையே ஃபோன்டைன்யாஸ் என்னும் பழைய குடியிருப்புப் பகுதி அமைந்துள்ளது. ஓடு வேய்ந்த கூரைகள், தெருவை நோக்கி நீண்ட முகப்பு மாடங்கள், மஞ்சள், நீலம், செம்மண் நிறச் சுவர்கள், அவற்றின் ஓரங்களில் வெள்ளைக் கரை ஆகியவை இப்பகுதியின் அடையாளங்கள். போர்ச்சுகீசியர் ஆட்சி 1961 டிசம்பரில் முடிவுற்ற பின்னரும் இங்குள்ள வீடுகளில் பல அதே உருவில் நிலைத்திருக்கின்றன.

கோவாவின் பழைய வீடுகளிலும் தேவாலயங்களிலும் காணப்படும் ஒரு சிறப்பான ஜன்னல் வகை, கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி பதித்ததாகும். ஆழமற்ற, சேறு படிந்த கடலடியில் வாழும் ஒருவகைத் தட்டையான சிப்பியின் ஓடு மிக மெல்லியது. ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவது. சுவாரி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய வளைகுடாக்களில் இச்சிப்பி கிடைத்தது. உள்ளங்கை அளவுள்ள ஓடுகளை ஓரம் வெட்டிச் சீராக்கி, மெல்லிய மரச்சட்டங்களில் செதுக்கிய பள்ளங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினர். கண்ணாடி அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில் உள்ளூர்க் கடலும் உள்ளூர்த் தச்சரும் சேர்ந்து அளித்த தீர்வு இது. இதன் வழியே வரும் ஒளி பால் போன்றது, கண்ணைக் கூசாது. தெருவில் செல்பவருக்கு வீட்டின் உட்புறமும் தெரியாது.

இத்தகைய ஜன்னல் ஒன்று கழற்றி எறியப்பட்டால் அதை மீண்டும் செய்வது இன்று எளிதன்று. அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதாலும் வாழிடம் கெட்டதாலும் இச்சிப்பியினம் குறைந்தது. 2001-ஆம் ஆண்டில் இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, கடலிலிருந்து புதிதாகச் சிப்பி எடுத்துப் பதிக்கலாம் என்று எண்ண இடமில்லை. இப்போது வீடுகளில் எஞ்சியிருக்கும் சிப்பிகளே இருப்பு எனலாம். மரத்தை மீண்டும் வளர்க்கலாம். தச்சுத் தொழிலை மீண்டும் கற்பிக்கலாம். இந்தச் சிப்பியை மட்டும் விரும்பியபோது பெற முடியாது. பழைய ஜன்னலை அகற்றும் முன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வீட்டுக்காரரின் நியாயம்

ஜன்னலை மாற்றும் வீட்டுக்காரரைப் பாரம்பரியத்தின் பகைவர் எனக் கருதுவது தவறு. அவருடைய காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாது பெய்யும் மழை, நைந்த மரத்தின் வழியே உள்ளே கசிகிறது. கறையான் அரிக்கிறது. கொசுத் தொல்லை, திருட்டு அச்சம், வாகனங்களின் இரைச்சல், குளிர்சாதனக் கருவி பொருத்த வேண்டிய தேவை ஆகியன இன்றைய வாழ்க்கையின் உண்மைகள். பழைய வேலை தெரிந்த தச்சர் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவர் கேட்கும் நாட்கள் அதிகம். மறுபுறம், அலுமினிய ஜன்னல் விற்பவர் காலையில் அளவெடுத்து, சில நாட்களில் பொருத்திக் கொடுத்துவிடுகிறார்.

பழைய வீடுகள் பலவற்றில் உரிமை பல பங்காளிகளிடையே பிரிந்து கிடக்கிறது. செலவை ஏற்பது யார் என்பதே முடிவாவதில்லை. மிகக் குறைந்த வாடகை பெறும் வீட்டு உரிமையாளருக்குப் பழுது பார்ப்பதில் ஆர்வம் இருப்பதில்லை. குடியிருப்பவருக்கு அதற்கான உரிமை இருப்பதில்லை. இந்நிலையில், “மாற்றாதே” என்ற விதி மட்டும் போதுமானதாகாது.

மாற்றத்தால் நேரும் இழப்பு

தோற்றம் ஒருபுறம் இருக்க, ஜன்னலின் பயன் என்ற கணக்கிலும் மாற்றம் எப்போதும் ஆதாயமாக அமைவதில்லை. காற்றோட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கீல் வைத்த இரட்டைக் கதவு ஜன்னல் ஏறக்குறைய முழுவதும் திறக்கக் கூடியது. நகர்த்தும் இரு பலகக் கண்ணாடி ஜன்னலில் ஒரு பலகம் மற்றதன் பின்னால் நின்றே ஆக வேண்டும். எனவே பாதி மட்டுமே திறக்கும். குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட விதித்தொகுப்பு, கீல் ஜன்னலின் திறப்பு 90 சதவீதம் என்றும், இரு பலக நகர்த்து ஜன்னலின் திறப்பு 50 சதவீதம் என்றும் கணக்கிடுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில் திறக்கக் கூடிய பரப்பு, தளப் பரப்பில் 16.66 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் அது வகுத்துள்ளது. அவ்விதிகள் புதிய கட்டடங்களுக்காக எழுதப்பட்டவை எனினும், அந்த அளவுகோல் பழைய வீட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

9 சதுர மீட்டர் அறை ஒன்றுக்கு 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஜன்னல் இருப்பதாகக் கொள்வோம். ஜன்னலின் பரப்பு 1.8 சதுர மீட்டர். அளவுகோலின்படி தேவைப்படும் திறப்பு 1.5 சதுர மீட்டர். பழைய கீல் ஜன்னல் 1.62 சதுர மீட்டர் திறக்கும், தேவை நிறைவேறுகிறது. அதே இடத்தில் நகர்த்து ஜன்னல் வைத்தால் திறப்பு 0.9 சதுர மீட்டராகக் குறைகிறது. அறையில் புழுக்கம் மிகுகிறது, மின்விசிறி போதாமல் குளிர்சாதனக் கருவி வாங்கப்படுகிறது, மின்கட்டணம் உயர்கிறது. சாய்வாக அடுக்கிய பலகைத் துண்டுகள் கொண்ட கதவுகள் மழையையும் வெயிலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் திறன் வாய்ந்தவை. வெறும் கண்ணாடிப் பலகத்தால் அவ்வேலையைச் செய்ய இயலாது.

வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. வெயில் படும் அலுமினியச் சட்டம் அந்த வெப்பத்தை அறைக்குள் கொண்டுவருகிறது. பிளாஸ்டிக் சட்டங்கள் வெப்பத்தை அவ்வளவு கடத்துவதில்லை. ஆனால் அவை வளைந்தாலோ வெடித்தாலோ ஒரு பகுதியை மட்டும் வெட்டி ஒட்ட வழியில்லை. ஜன்னல் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதுதான். மர ஜன்னலின் சிறப்பு அதன் உறுப்புகள் தனித்தனியானவை என்பதில் உள்ளது. கெட்டதை நீக்கி நல்லதை வைத்துக்கொள்ளலாம். நூறாண்டு கடந்த தேக்கு ஜன்னல்கள் இன்றும் பயன்பாட்டில் இருப்பதற்கு இதுவே காரணம்.

விதிகள் கூறுவது என்ன?

குடியிருப்பு வீடுகளை உள்ளடக்கிய பாரம்பரிய விதிகள் முதன்முதலில் விரிவாக வகுக்கப்பட்ட நகரங்களில் மும்பை குறிப்பிடத்தக்கது. அங்கு 1995-இல் அவை நடைமுறைக்கு வந்தன. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளிலும் பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு தனி அத்தியாயம் உள்ளது. மாநிலங்கள் அதைத் தமக்கேற்ப மேற்கொள்ளலாம்.

இம்மாதிரி விதிகள் கட்டடங்களை மூன்று தரங்களாகப் பகுக்கின்றன. தேசிய அல்லது வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த முதல் தரக் கட்டடங்களில், கட்டடத்தை வலுப்படுத்துவதற்கு இன்றியமையாத மிகச் சிறிய மாற்றங்களுக்கே இடம் உண்டு. இரண்டாம் தரத்தில் உட்புற மாற்றங்கள் ஏற்கப்படலாம். வெளித் தோற்றம் காக்கப்பட வேண்டும். மூன்றாம் தரத்தில் மாற்றங்கள் பொதுவாக அனுமதிக்கப்பட்டாலும், அவை அப்பகுதியின் இயல்போடு ஒத்திருக்க வேண்டும். தெருவை நோக்கிய ஜன்னல் வெளித் தோற்றத்தின் பகுதியாதலால் அதன் வடிவம், அளவு, பொருள் ஆகியவற்றை மாற்றுவதற்கு முன் அனுமதி பெறுவது கடமையாகிறது. கோவாவிலும் பாதுகாப்பு மண்டலங்களில் உள்ள வீடுகளின் வெளி மாற்றங்களுக்குத் திட்டமிடல் அதிகாரிகளின் அனுமதி தேவை.

மற்றொரு விதியும் பலரைத் தொடுகிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரையறுத்தது. தடை செய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. இருக்கும் வீட்டைப் பழுது பார்க்க உரிய அதிகாரியிடம் அனுமதி பெறலாம். சின்னங்கள் நெருங்கி அமைந்த பழைய நகரங்களில் ஏராளமான வீடுகள் இவ்வெல்லைக்குள் வருகின்றன. அனுமதி தாமதமானால் மழைக்காலம் காத்திராது. விண்ணப்பத்தை எளிதாக்குவதும், சிறு பழுதுகளுக்கு விரைந்து விடையளிப்பதும் விதியை மீறுவோரின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகளாகும்.

பழுது பார்க்கும் முறை

உளுத்துப்போனதாகத் தோன்றும் ஜன்னலில் உண்மையில் கெட்டிருப்பது பெரும்பாலும் கீழ்ப்பகுதி மட்டுமே. மழைநீர் வழிந்து கதவின் அடிச்சட்டத்திலும் நிலையின் அடிக்கட்டையிலும் தங்குகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் காளான் பற்றி மரம் மக்கத் தொடங்கும். எனவே முதல் வேலை நீரின் வழியைக் கண்டறிவதாகும். கூரை ஓட்டின் உடைப்பு, ஜன்னலுக்கு மேலுள்ள சாய்ப்பின் சிதைவு, வெளிப்புறம் சரிவின்றி அமைந்த அடிக்கட்டை ஆகியவற்றைச் சீர் செய்யாமல் புதிய ஜன்னல் வைத்தாலும் அதுவும் கெட்டுவிடும்.

அடுத்து, ஜன்னலைப் புகைப்படம் எடுத்து, அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு கதவுக்கும் எண் இட வேண்டும். சிறு கத்தியின் முனையால் குத்திப் பார்த்து, மரம் எங்கு உறுதியாக உள்ளது, எங்கு மெத்தென்று உள்ளே இறங்குகிறது என்று அறியலாம். மக்கிய பகுதியை நல்ல மரம் தென்படும் வரை வெட்டி எடுத்து, அதே வகை முதிர்ந்த மரத்துண்டைச் சாய்வு ஒட்டாகப் பொருத்துவதே தச்சரின் முறை. தளர்ந்த கழுந்துகளை மீண்டும் இறுக்கி மர ஆணி அடிக்க வேண்டும். கண்ணாடி பதித்த இடங்களில் உலர்ந்து உதிர்ந்த மக்கை நீக்கி, ஆளி விதை எண்ணெயில் பிசைந்த மக்கை இட்டால் நீர் புகாது. பழைய கீல்களும் கொண்டிகளும் துரு நீக்கினால் மீண்டும் பயன்படும்.

பழைய வண்ணப்பூச்சை அகற்றும்போது கவனம் தேவை. வீட்டு உபயோகப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக் கூடும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். நனைத்துச் சுரண்டி, கழிவைச் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும்.

சிப்பி ஜன்னல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சிப்பியின் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருளால் ஆனது. அமிலம் பட்டால் கரையும். குளியலறைக் கழுவு திரவங்களைப் பயன்படுத்தாமல், ஈரத் துணியால் மென்மையாகத் துடைத்தலே போதும். உடைந்த சிப்பிக்குப் பதிலாக, இடிக்கப்படும் வீடுகளிலிருந்து காப்பாற்றிய சிப்பியைப் பதிக்கலாம். இடிப்புப் பொருள்களில் கிடைக்கும் சிப்பிகள், கதவுகள், கீல்கள் ஆகியவற்றைத் திரட்டி வைக்கும் பண்டகசாலை ஒன்றை நகராட்சி நடத்தினால் பலருக்கும் பயன்படும்.

இன்றைய வசதிகளைத் துறக்கவும் தேவையில்லை. பழைய வீடுகளின் சுவர்கள் தடித்தவை. ஜன்னலின் வெளிக் கதவுகளுக்கும் உட்புறச் சுவர் விளிம்புக்கும் இடையே போதிய இடம் இருக்கும். அவ்விடத்தில் கழற்றக் கூடிய கொசுவலைச் சட்டத்தையோ, இரைச்சலையும் சூடான காற்றையும் தடுக்கும் கண்ணாடிக் கதவையோ உட்புறமாகப் பொருத்தலாம். வெளித் தோற்றம் மாறுவதில்லை, தேவையும் நிறைவேறுகிறது.

மாற்றுவது தவிர்க்க முடியாதபோது

சில ஜன்னல்கள் காப்பாற்ற இயலாத நிலையை அடைந்திருக்கும். அப்போது புதியது எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் இரு கருத்துகள் உள்ளன. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிய உறுப்பு முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதே வேளையில் பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கலை, பண்பாட்டு மரபுக்கான இந்தியத் தேசிய அறக்கட்டளை 2004-இல் வெளியிட்ட சாசனம், நம் நாட்டில் தச்சரும் கொத்தரும் சிற்பியரும் மரபு முறைகளில் இன்றும் பணிபுரிவதைச் சுட்டி, ஜீர்ணோத்தாரணம் என்னும் நம் வழக்கத்துக்கு உரிய இடம் அளிக்கிறது. குடியிருப்பு வீட்டின் ஜன்னலைப் பொறுத்தவரை இரண்டையும் இணைப்பது கடினமன்று. அதே மரம், அதே அளவு, அதே திறப்பு முறை ஆகியவற்றைக் கொண்டு புதிதாகச் செய்து, கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் செய்த ஆண்டைப் பொறித்துவிடலாம். பழைய நிலை உறுதியாக இருந்தால் அதை அசைக்காமல் கதவுகளை மட்டும் மாற்றுவது சிறந்தது. நிலையைப் பெயர்க்கும்போது சுற்றியுள்ள சுவரும் பூச்சும் சிதைவதை இதனால் தவிர்க்கலாம்.

செலவும் திறனும்

பாரம்பரியத்தின் பயன் நகரம் முழுமைக்கும் கிடைக்கிறது. சுற்றுலாப் பயணியும் வணிகரும் நகராட்சியும் அதில் பங்கு பெறுகின்றனர். செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழுவது முறையாகாது. இதை உணர்ந்த நகரங்கள் சில வழிகளைக் கண்டுள்ளன.

1411-இல் நிறுவப்பட்ட ஆமதாபாத்தின் மதில் சூழ்ந்த பழைய நகரம், 2017-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ‘போள்’ எனப்படும் குடியிருப்புக் குழுக்களில் செதுக்கு வேலைப்பாடு மிக்க மர முகப்புகள் கொண்ட வீடுகள் அங்கு உள்ளன. பட்டியலிடப்பட்ட பாரம்பரிய வீட்டின் மேல் எழுப்ப அனுமதி இருந்தும் எழுப்பாமல் விட்ட கட்டடப் பரப்பின் உரிமையை, நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு உரிமையாளர் விற்கலாம் என்ற ஏற்பாடு அங்கு நடைமுறையில் உள்ளது. வீட்டை இடித்து உயரக் கட்டுவதால் கிடைக்கும் ஆதாயத்தின் ஒரு பகுதியை, இடிக்காமலேயே பெற்று, அதைக் கொண்டு பழுது பார்க்க இது வழி செய்கிறது. புதுச்சேரியில், 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டத்தின் கீழ், தமிழர் குடியிருப்புப் பகுதியின் வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. செலவில் உரிமையாளர்களும் ஒரு பங்கை ஏற்றனர். ஒரு தெரு முழுவதையும் ஒரே முயற்சியாக எடுத்துக்கொண்டது அதன் சிறப்பு. தச்சருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கிறது. மரம் மொத்தமாக வாங்கப்படுகிறது. அண்டை வீட்டாரும் கண்ணால் கண்டு நம்பிக்கை கொள்கின்றனர்.

பணம் இருந்தும் தச்சர் இல்லையெனில் பயனில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களை உள்ளடக்கியது. தச்சு வேலை அவற்றுள் ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ. 500 உதவித்தொகை, கருவிகளுக்கு ரூ. 15,000, 5 சதவீத வட்டியில் இரு தவணையாக ரூ. 3 லட்சம் வரை கடன் ஆகியவற்றுக்கு அத்திட்டத்தில் இடமுள்ளது. பாரம்பரியப் பகுதி உள்ள நகரங்கள், இப்பயிற்சியோடு பழைய ஜன்னல் பழுது பார்க்கும் வேலையையும் இணைத்தால், கற்ற இளைஞருக்குத் தம் ஊரிலேயே வேலை கிடைக்கும். வீட்டுக்காரரும் அலுமினியக் கடையை மட்டும் நாட வேண்டியிராது. பழுது பார்க்கும் செலவின் பெரும்பகுதி கூலியாக ஊருக்குள்ளேயே தங்குகிறது என்பதும் வளர்ச்சி நோக்கில் கருதத் தக்கது.

பாரம்பரியப் பகுதி என்பது காட்சிக்கூடமன்று. மக்கள் குடியிருக்கும் ஊர். அங்கு மாற்றமே கூடாது என்பது நடவாது. எல்லாவற்றையும் மாற்றலாம் என்பதும் தகாது. முதலில் பழுது பார்த்தல், இயலாவிடில் உறுப்பை மட்டும் மாற்றுதல், அதுவும் இயலாவிடில் அதே முறையில் புதிதாகச் செய்தல் என்ற வரிசையை வீட்டுக்காரர் பின்பற்றவும், அதற்கு வேண்டிய அனுமதி, பணம், கைத்திறன் ஆகியவற்றை நிர்வாகம் அளிக்கவும் வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு வீட்டின் அடிச்சட்டம் சீர் செய்யப்பட்டால், அந்த ஜன்னல் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். ஜன்னல்கள் நின்றால் தெருவும் நிற்கும்.